பிடிபட்டவரும் பிடிபடாதவரும்: கோலாலம்பூர் வகுப்பு ஒன்றில் ஏஐ – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மலேசிய இந்தியர் வரலாறு விருப்பப் பாடமாக நடத்தப்படுகிறது. வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, அப்புறம் மலாய் வழி இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு என்று மூன்று மொழிகளைக் கடந்து வந்தவர்கள். பலருக்குச் சொந்த ஊர் கிள்ளான், பந்திங், கோல சிலாங்கூர் பக்கம். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். இடுபணியை, அதாவது எழுதித் தரும் அசைன்மென்டை, ஆங்கிலத்தில்தான் தர வேண்டும் என்பது விதி.

பாடத்தை எடுத்தவர் என் தோழி, சக விரிவுரையாளர். அந்த வகுப்பிலிருந்து வந்த இரண்டு கட்டுரைகளை விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். சம்பந்தப்பட்ட மாணவர் இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததன் சாரம் மாறவில்லை.

இடுபணியின் தலைப்பு, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கூலி தங்களுக்கும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. ஆனால் கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் படித்தால் கூலியைவிடப் பெரிய ஒன்று அதில் இருப்பது தெரியும். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கொடு, பெண்களிடம் தவறாக நடக்காதே, உறவினர் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வர விடு, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இந்தத் தலைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் நல்ல ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை நூலகத்தில், பழைய ஆய்விதழ்களில் இருக்கின்றன. இணையத்தில் சும்மா தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது ஒரு காரணம்.

பாட வழிகாட்டியில் ஏஐ பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: ஏஐ கருவிகளைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. எது தவறு, எது சரி என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இரண்டு கட்டுரைகள்

முதல் கட்டுரை ஒரு மாணவருடையது. பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருந்த ஏஐ கண்டறியும் கருவி, கட்டுரையின் பெரும்பகுதியை இயந்திரம் எழுதியது என்று காட்டியது. விசாரணைக்கு அழைத்தோம். பையன் வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தான். கூடவே ஒரு பயிற்சிப் புத்தகம், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி.

“தம்பி, இந்தக் கட்டுரையை நீங்கதான் எழுதினீங்களா?” என்று என் தோழி கேட்டார்.

“நான்தான் எழுதினேன் மிஸ். ஆனா இங்கிலீஷ் என்னுது இல்ல.”

புத்தகத்தைத் திறந்து காட்டினான். பதினைந்து இருபது பக்கம் தமிழில் எழுதியிருந்தான். அடித்தல் திருத்தல், ஓரத்தில் அம்புக்குறி, ஒரு பத்தியைச் சுற்றி வட்டம் போட்டு ‘இது முன்னாடி வரணும்’ என்ற குறிப்பு. கட்டுரையின் மையமே அந்தச் சைக்கிள் விஷயம்தான். அவனுடைய பாட்டியின் அப்பா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். துரையின் கார் சத்தம் கேட்டாலே சைக்கிளைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, ஓரமாக நிற்பாராம். மகள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் அப்படி நின்றதை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறார். கூலி உயர்வு கேட்ட பட்டியலில் சைக்கிளுக்கு ஏன் இடம் கிடைத்தது என்பதை அதிலிருந்து பிடித்துக்கொண்டு எழுதியிருந்தான். கோரிக்கைகள் எந்தப் புத்தகத்தில் உள்ளன, எந்தப் பக்கம் என்பதும் குறித்திருந்தது. முழுவதையும் எழுதி முடித்த பிறகு, தன் ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பயந்து, பத்தி பத்தியாக ஏஐயிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கியிருக்கிறான்.

கருவி சொன்னது பொய்யில்லை. அந்த ஆங்கில வாக்கியங்கள் இயந்திரத்துடையவைதான். ஆனால் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வேறொன்று: சிந்தித்தது யார்? அதற்கு அந்தக் கருவியிடம் பதில் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது.

இரண்டாவது கட்டுரை ஒரு மாணவியுடையது. கருவி அதைச் சுத்தமாக விட்டுவிட்டது. எளிய, தெளிவான ஆங்கிலம். நீளமான சான்றுப் பட்டியல். மதிப்பெண் போட உட்கார்ந்த என் தோழி ஓர் இடத்தில் நின்றுவிட்டார். வேலைநிறுத்தத்தைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முன்னின்று நடத்தியதாகவும், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) அதற்கு ஆதரவளித்ததாகவும் கட்டுரை சொன்னது. ம.இ.கா. 1946இல் தொடங்கியது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. 1941இல் இரண்டுமே கிடையாது.

அப்புறம் சான்றுகளை ஒவ்வொன்றாகத் தேடினார். தமிழ் நேசன் தலையங்கம் ஒன்று, நாளும் பக்க எண்ணும் போட்டுக் குறிப்பிடப்பட்டிருந்தது; தேடினால் கிடைக்கவில்லை. ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றில் ஆய்வாளர் உண்மையானவர், இதழும் உண்மையானது. அந்தத் தலைப்பில் அவர் எதுவும் எழுதியதில்லை. குறிப்பிட்ட தொகுதியில் அந்தப் பக்கங்களில் இருந்தது வேறொரு கட்டுரை.

“இந்தத் தலையங்கத்தை எங்கம்மா பாத்தீங்க?”

“பாக்கல மிஸ். ஏஐல இருந்துச்சு.”

“தேடிப் பாத்தீங்களா?”

“தேதி, பக்கம் எல்லாம் போட்டிருந்துச்சு மிஸ். அதான் தேடல.”

இந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏஐ தந்த பதிலை அப்படியே ஒட்டவில்லை. குறிப்பெடுத்து, இரவெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் சொந்த ஆங்கிலத்தில் திருப்பி எழுதியிருக்கிறாள். ‘காப்பி அடிக்காதே, உன் சொந்த வார்த்தையில் எழுது’ என்று ஒன்றாம் ஆண்டிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தவள் அவள். கருவி அவளை விட்டுவிட்டதும் அதனால்தான். அவள் கற்காமல் போனது, ஒரு சான்றைக் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது. அதை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

எங்கே பிசகியது

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதற்குப் பின் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் முதலில் ஓடியது கண்டறியும் கருவிகளிடம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒன்றை வெளியிட்டது. தன் சோதனையில் அது இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகச் சந்தேகித்தது என்று அதுவே சொன்னது. 2023 ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று கருவிகள் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு கிட்டத்தட்ட நேரவில்லை. காரணம் எளியது. அடுத்து என்ன சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிந்தால், அது இயந்திர எழுத்து என்று இந்தக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாம் மொழியில், மூன்றாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களை வைத்துப் பத்திரமாகத்தானே எழுதுவார்? கிள்ளானிலிருந்து வரும் பிள்ளை முழுக்கத் தானே எழுதினாலும் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்து வைத்தது. இப்படிப்பட்ட கருவியின் மதிப்பெண்ணை வைத்து ஒரு மாணவரை விசாரணைக்கு இழுப்பது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பையன் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் அவன் கதி என்ன?

மாணவியின் பக்கம் வேறு. இந்த ஏஐகளுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள், தாங்கள் படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வரக்கூடும் என்பதைக் கணக்கிட்டு எழுதுகின்றன. ஒரு மேற்கோளின் வடிவம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும்: பெயர், ஆண்டு, இதழ், பக்கம். அந்த வடிவத்துக்குள் எதை நிரப்பினாலும் பார்வைக்கு மேற்கோள்தான். ‘மலாயா’, ‘தோட்டம்’, ‘தொழிலாளர்’ என்ற சொற்கள் வரும் எழுத்துகளில் தொழிற்சங்கத்தின் பெயரும் ம.இ.கா.வும் அடிக்கடி வருவதால், 1941ஆம் ஆண்டுக்குள்ளும் அவை வந்து உட்கார்ந்துவிட்டன. இப்போது தேடுபொறியோடு இணைந்த ஏஐகள் வந்துவிட்டன, இணைப்பும் தருகின்றன. இணையத்தில் எழுத்து அதிகம் உள்ள விஷயத்தில் அது உதவும். நம் வரலாற்றில் அப்படி இல்லை. தேடக் கிடைப்பது குறையக் குறையக் கற்பனை அதிகமாகிறது, ஆனால் சொல்லும் தொனியில் தயக்கம் கூடுவதில்லை. படித்த, அனுபவப்பட்ட ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டு மாணவியிடம் மட்டும் நாம் எதை எதிர்பார்த்தோம்?

தமிழில் கேட்டால் நிலைமை இன்னும் தளரும். இம்மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாதிரி வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளாக உடைந்த தமிழ் வாக்கியம் 35 துண்டுகளாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் அவை படித்த தமிழ் எழுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. வகுப்பில் ஒரே கேள்வியை இரு மொழிகளிலும் கேட்டுப் பார்த்தபோது, தமிழில் வந்த பதில் சரளமாக இருந்தது. ஆண்டும் பெயரும் கேட்ட இடங்களில் நழுவியது.

குழுவின் முடிவு

பையன்மேல் குற்றமில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். மாணவி விஷயத்தில் விவாதம் நீண்டது. இல்லாத சான்றைக் கொடுத்தால் தோல்விதான், வேறு பேச்சே இல்லை என்றார் ஓர் உறுப்பினர். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆய்வு உலகில் பொய்ச் சான்று பெரிய குற்றம். ஆனால் ஒற்றை வரி விதியை வைத்துக்கொண்டு, என்ன செய்யக் கூடாது என்று சொல்லாமலே தண்டிக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சான்றையும் நேரில் பார்த்து, அதன் நகலை இணைத்து, கட்டுரையைத் திரும்ப எழுதித் தரச் சொன்னோம்.

அவள் பார்த்த முதல் சான்று, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் இணையத் தொகுப்பில் கிடைத்த 1941 மே மாத ஆங்கில நாளிதழ்ப் பக்கம். வேலைநிறுத்தக்காரர்களைக் கலகக்காரர்கள் என்ற பார்வையில் அந்தக் காலப் பத்திரிகை எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, “இது ஏஐ சொன்னதுக்கு நேர்மாறா இருக்கு மிஸ், எதை நம்புறது?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வரலாறு படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. திருத்திய கட்டுரை முதலாவதைவிடச் சிறியது, ஆங்கிலம் அங்கங்கே இடறியது, பல மடங்கு நல்லது.

அடுத்த செமஸ்டர்

மாற்றம் விரிவுரையாளர் பக்கமிருந்து தொடங்கியது. உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் மலேசியத் தகுதி முகமை 2023இல் உயர்கல்வியில் ஆக்கமுறை ஏஐ (கேட்டதை எழுதித் தரும் ஏஐ) பற்றி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோவின் வழிகாட்டி வந்தது. இரண்டும் தடை போடச் சொல்லவில்லை; பொறுப்போடு பயன்படுத்தச் சொல்கின்றன. அந்தப் பொறுப்புக்கு இந்தப் பாடத்தில், இந்த இடுபணியில் என்ன பொருள் என்று எழுத வேண்டியது பாடம் எடுப்பவர்தான்.

என் தோழி ஒற்றை வரியை எடுத்துவிட்டு ஒவ்வோர் இடுபணிக்கும் தனித்தனியாக எழுதினார். கிள்ளான் கட்டுரைக்கு: தலைப்பைப் புரிந்துகொள்ள, கேள்விகளை உருவாக்க, வரைவைத் திருத்த ஏஐயைப் பயன்படுத்தலாம். வரலாற்றுச் செய்திக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. சான்றுப் பட்டியலில் வரும் எதுவானாலும் மாணவர் கண்ணால் பார்த்த பக்கத்தின் படம் பின்னிணைப்பில் இருக்க வேண்டும்.

வகுப்பை மாற்றியது அந்தக் கடைசி நிபந்தனைதான் என்று நினைக்கிறேன். பையன்களும் பெண்களும் நூலகத்துக்குப் போனார்கள். மைக்ரோஃபிலிம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒருத்தி தேசிய ஆவணக் காப்பகத்தில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டாள்.

செமஸ்டரின் மூன்றாம் வாரம் ஒரு பயிற்சி. கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றி ஏஐ எழுதிய ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு குழுவிடம் கொடுத்தார். சரியா, தவறா, சரிபார்க்கவே முடியாததா என்று சான்றோடு சொல்ல வேண்டும். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் எப்போதும் போன் நோண்டிக்கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து நின்று வாதாடினார்கள். ‘போராட்டம் மாபெரும் வெற்றி பெற்றது’ என்ற வாக்கியத்தின்மேல்தான் நீண்ட சண்டை. நாதன் நாடு கடத்தப்பட்டார், ஐந்து பேர் செத்தார்கள், எது வெற்றி என்றான் ஒருவன். கூலி கொஞ்சமாவது ஏறியதே என்றாள் இன்னொருத்தி. அப்படி ஒரு வாக்கியத்தைச் சரி, தவறு என்று முத்திரை குத்த முடியாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்றைய வகுப்பு நேரம் தாண்டிப் போனது.

எழுதித் தந்த பிறகு ஒவ்வொருவரோடும் சில நிமிடம் பேச்சு. இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள், இந்தச் சான்று எங்கே கிடைத்தது, எதை எழுதாமல் விட்டீர்கள். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, மூன்றையும் கலந்தோ பேசலாம். ஏஐயிடம் என்ன கேட்டார்கள், எதை ஏற்றார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பும் தர வேண்டும்.

விரிவுரையாளர்களுக்கும் விதி எழுதினோம். மாணவர் கட்டுரையைப் பெயரோடும் மாணவர் எண்ணோடும் இலவச ஏஐ தளத்தில் ஒட்டிக் கருத்துரை வாங்குவது சில இடங்களில் சகஜமாகிவிட்டது. பிள்ளைகளின் விவரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று நமக்குத் தெரியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கும் நாட்டில் அதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. பெயரை எடுத்துவிட்டு, மாணவருக்குத் தெரியப்படுத்தி, கருத்துரைக்கு மட்டும் பயன்படுத்தலாம். மதிப்பெண்ணை மனிதர் போட வேண்டும். மாணவர் ஏஐ பயன்பாட்டை வெளியே சொல்ல வேண்டும் என்று கேட்கும் நாம், நம் வினாத்தாளை ஏஐ தயாரித்தால் அதையும் சொல்ல வேண்டும்.

சரிவராதவை

அந்த ஒரு பக்கக் குறிப்பு எதிர்பார்த்த பலன் தரவில்லை. பல குறிப்புகளையும் ஏஐயே எழுதியிருந்தது. இரண்டாவது செமஸ்டரில் அதை எடுத்துவிட்டு, ஏஐயோடு நடந்த உரையாடலின் இணைப்பையோ திரைப்பிடிப்புகளையோ (ஸ்கிரீன்ஷாட்) கேட்டார் என் தோழி. அது கொஞ்சம் மேல்.

வாய்மொழிப் பேச்சுக்கு நேரம் தேவை. முப்பது பேர் வகுப்பில் நடந்தது. இருநூறு பேர் உட்காரும் பொதுப் பாடத்தில் நடக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் நன்றாக எழுதிவிட்டுப் பேச்சில் தடுமாறியதையும் பார்த்தோம். அதனால் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, சந்தேகத்தைத் தீர்க்கவும் கருத்துரை சொல்லவும் மட்டுமே என்று மாற்றினோம்.

பண விஷயமும் இருக்கிறது. சாட்ஜிபிடி பிளஸ் திட்டத்தின் மாதச் சந்தா 20 அமெரிக்க டாலர்; ரிங்கிட்டில் எண்பது தொண்ணூறு. அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனில் படித்து, வார இறுதியில் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கம். காசு கொடுப்பவருக்குத் திறமான மாதிரி, கொடுக்க முடியாதவருக்கு அளவு வைத்த இலவசம். இடுபணியில் ஏஐயை அனுமதிக்கும் பல்கலைக்கழகம், எல்லா மாணவருக்கும் ஒரே கருவியைத் தானே வாங்கித் தர வேண்டும் என்று புலத்திடம் (ஃபேகல்டி நிர்வாகத்திடம்) எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

மொழிபெயர்ப்புக் கேள்விக்குத்தான் அதிக விவாதம் நடந்தது. தமிழில் யோசித்துத் தமிழில் எழுதிய பிள்ளை, ஆங்கிலத்துக்கு மாற்ற ஏஐயிடம் கொடுக்கலாமா? வரலாற்றுப் பாடத்தில் நாம் சோதிப்பது வரலாற்று அறிவை. அதனால் கொடுக்கலாம் என்பது என் நிலை. ஆங்கிலத் துறையினர் வேறு விதமாகப் பார்த்தார்கள்: பட்டதாரி ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் வெளியே போனால் வேலை கொடுப்பவர் யார்? அந்தக் கவலையும் பொய்யல்ல. கடைசியில் புலம் ஒப்புக்கொண்டது இது. இந்தப் பாடத்திலும் இதுபோன்ற உள்ளடக்கப் பாடங்களிலும் தமிழ் அல்லது மலாய் மூல வரைவைச் சேர்த்துத் தந்தால் ஏஐ மொழிபெயர்ப்பு அனுமதிக்கப்படும். மொழிபெயர்ப்பில் பெயர், ஆண்டு, மேற்கோள் பிசகினால் பொறுப்பு மாணவருடையது. ஆங்கில எழுத்துத் திறனையே மதிப்பிடும் பாடங்களில் அனுமதியில்லை. இப்போது பாட வழிகாட்டியில் ஒற்றை வரி இருந்த இடத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன.